கண்ணுக்குத் தெரியாத மரத்தூள்

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் சவுக்குப் பலகை மலிவு. லயத்து வாசலில் கதவு, மேசை செய்து கொடுக்கும் பாஸ்மார் பலர். இழைப்புளிச் சீவல் தரையில் விழுந்துவிடும், அதனால் கெடுதி குறைவு. மின் சாண்டர் கிளப்பும் மாவு போன்ற தூள்தான் ஆபத்து: 5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்கள் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம் வரை போகும்.

1960களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற தளபாட நகரில், தச்சர்களிடையே அரிதான மூக்குப் புற்றுநோய் அதிகமாக இருப்பதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற மருத்துவர் கவனித்தார். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது.

கைக்குட்டை கட்டினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. என்95 முகக்கவசம் மூக்கோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

லயத்து அறைக்குள் சாண்டர் ஓடவே கூடாது. பிள்ளைகள் படுக்கும் பாயிலும் அந்தத் தூள் படியும், பக்கத்திலேயே எரியும் அடுப்பால் அது தீப்பற்றவும் கூடும். முற்றத்தில், காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று செய்யலாம். வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் கூட்டினால் தூள் மறுபடி எழும்பும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. உடுப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.