பழைய இழை எங்கே போகிறது?

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதிலுள்ள டி.என்.ஏ.வும் இரண்டாக வேண்டும். 1953இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்தபோதே இதற்கு ஒரு வழி தென்பட்டது. அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசின் என்று இணைகள் நிலையானவை. ஆகவே இரண்டு இழைகளும் பிரிந்தால், ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய புதுத் துணையைக் கட்டிக்கொள்ளலாம்.

அழகான ஊகம்தான். ஆனால் மாக்ஸ் டெல்பிரூக் அதை ஏற்கவில்லை. ஒன்றையொன்று பல்லாயிரம் சுற்றுகள் பின்னிக்கிடக்கும் இழைகள் சிக்கல் விழாமல் எப்படிப் பிரியும்? இழைகள் அங்கங்கே வெட்டுப்பட்டு, பழைய துண்டும் புதிய துண்டும் கலந்தே பிரதி உருவாகும் என்றார் அவர். பழைய சுருள் அப்படியே இருக்க, முழுக்கப் புதிய சுருள் ஒன்று தனியே உருவாகலாம் என்ற மூன்றாவது கருத்தும் இருந்தது.

கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மேத்யூ மெசல்சன், ஃபிராங்க்ளின் ஸ்டால் என்ற இருவர் இதை எடையை வைத்தே தீர்த்துவிடலாம் என்று இறங்கினார்கள். இருவரும் அப்போது முப்பதைத் தொடாதவர்கள். ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 மட்டுமே உள்ள ஊடகத்தில் 14 தலைமுறை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜன்-14க்கு மாற்றினார்கள். இனி உருவாகும் புது இழை லேசாக இருக்கும். அவ்வப்போது எடுத்த டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் கலந்து, மையவிலக்கு இயந்திரத்தில் நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் சுமார் 20 மணி நேரம் சுழற்றினார்கள். அடியில் அடர்த்தி கூடி, மேலே குறைகிற அந்த உப்புக் கரைசலில், டி.என்.ஏ. தன் அடர்த்திக்குப் பொருந்தும் மட்டத்தில் போய் நிற்கும். புறஊதாப் படத்தில் அது ஒரு கோடாகத் தெரியும்.

ஒரு தலைமுறை கழிந்ததும் ஒரே ஒரு கோடு, கனத்துக்கும் லேசுக்கும் சரிநடுவில். பழைய சுருள் அப்படியே நின்றிருந்தால் இரண்டு கோடுகள் விழுந்திருக்கும். அந்தக் கருத்து அங்கேயே விழுந்தது. டெல்பிரூக்கின் கருத்துக்கு இன்னும் உயிர் இருந்தது. இரண்டாம் தலைமுறையில் நடுவில் ஒன்று, லேசான இடத்தில் ஒன்று என இரண்டு கோடுகள், சம அளவில். துண்டுகள் கலந்திருந்தால் இப்படிப் பிரிந்து நிற்க வழியே இல்லை. ஒவ்வொரு புதுச் சுருளிலும் பாதி பழையது, பாதி புதியது!

1958இல் வெளியான அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் நிதானம். பிரிந்த பாதிகள் தனித்தனி இழைகள்தான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை; சோதனை காட்டிய அளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பிரதியெடுக்கும் நொதியை ஆர்தர் கார்ன்பெர்க் அதற்குள் கண்டுபிடித்திருந்தார். இரண்டு இழைகளில் ஒன்று சிறு சிறு துண்டுகளாகவே எழுதப்படுகிறது என்பதை 1960களில் ஜப்பானின் ஒகசாகி தம்பதியர் காட்டினார்கள்.

டெல்பிரூக்கின் கேள்வியும் வீண்போகவில்லை. முறுக்கை அவிழ்க்க டி.என்.ஏ. உண்மையிலேயே வெட்டப்படத்தான் செய்கிறது. அதற்கென்றே இருக்கும் நொதிகள் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடுகின்றன. இவ்வகை நொதி ஒன்றை முதலில் ஈ.கோலையில் கண்டவர் ஜேம்ஸ் வாங், ஆண்டு 1971. மருந்துக்கடையில் கிடைக்கும் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்வதும் இந்த இடத்தில்தான்: வெட்டிய இழையை நொதி திரும்ப ஒட்டவிடாமல் அது தடுத்துவிடுகிறது.