வெக்சின் நாடும் அதன் எல்லைகளும்

தேசப்படத்தில் எல்லைக்கோடுகளைக் காணும் நாம், அவை மலையும் கடலும் போல இயற்கையாய் அமைந்தவை என்றே பெரும்பாலும் எண்ணிவிடுகின்றோம். ஆறே எல்லையாக நிற்கும் இடங்களில் இவ்வெண்ணம் மேலும் வலியுறுகின்றது. ஆயினும், ஆறு தானாக எந்நாட்டையும் பிரிப்பதில்லை. மக்களே ஒரு காலத்தில் ஒரு காரணம் பற்றி அதனை எல்லையாக்குகின்றனர். இவ்வுண்மையைத் தெள்ளிதின் விளக்குவது பிராஞ்சு தேசத்தின் வடபாலுள்ள வெக்சின் என்னும் சிறு நாட்டின் வரலாறாகும். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

பாரிஸ் மாநகர்க்கு வடமேற்கே, செய்ன் நதியின் வடகரையில் விரிந்து கிடப்பது வெக்சின். கிழக்கே உவாஸ் ஆறும், மேற்கே ஆந்தெல் ஆறும், தெற்கே செய்னும் அதன் பண்டை எல்லைகள். நாட்டின் நடுவே எப்த் என்னும் சிற்றாறு வடக்கினின்று தெற்கு நோக்கி ஓடிச் செய்னிற் கலக்கின்றது. தானியம் விளையும் மேட்டுச் சமவெளியாகிய இந்நாட்டில், எப்த் ஆறு பண்டைக்காலத்து ஒரு நாட்டின் ஊடே ஓடிய ஆறேயன்றி இரு நாடுகளைப் பிரித்த எல்லையன்று.

வெக்சின் என்னும் பெயர், காலியா தேசத்துப் பழங்குடியினருள் ஒருவராகிய வெலியோகாசர் என்பாரின் பெயர் தேய்ந்து வந்ததாகும். கி.மு. 57இல் உரோமரை எதிர்த்தற்கு இவரும் விரோமாந்துவர் என்னும் மற்றொரு குடியினரும் சேர்ந்து 10,000 வீரரைத் தர உடன்பட்டனர் என்று ஜூலியஸ் சீஸர் தம் நூலிற் குறித்திருக்கின்றார். வெலியோகாசரின் தலைநகரம் இக்காலத்தில் ரூவான் எனப்படும் நகரமாகும்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளோவிஸ் என்னும் பிராங்கர் மன்னன் வடகாலியாவைக் கைப்பற்றினான். பிராங்கர் தம் இராச்சியத்தைப் பாகுஸ் எனப்படும் சிறு நாடுகளாக வைத்து ஆண்டனர். நாடு எனப் பொருள்படும் பேயி என்னும் பிரெஞ்சுச் சொல்லும், குடியானவன் எனப் பொருள்படும் பேயிசான் என்னும் சொல்லும் இவ்விலத்தீன் சொல்லின் வழிவந்தனவே. பாகுஸை ஆளுதற்குப் பெரும்பாலும் ஒரு கோமானை அரசன் நியமித்தான். முறை வழங்குதல், படை திரட்டுதல், அரசிறை பெறுதல் என்பன அவன் கடமைகள். ஆகவே, பாகுஸின் எல்லை குடிகளுக்கு வெறுங்கோடன்று. எம்மன்றத்தில் வழக்குரைப்பது, எவன் பின்னே போர்க்குச் செல்வது என்பவற்றை அதுவே முடிவு செய்தது.

பிராங்கர் காலத்தில் ரூவான் நகரம் தன் சுற்றுப்புறத்தோடு ரூமுவா என்னும் வேறொரு பாகுஸாக நின்றது. ஆந்தெலுக்குக் கிழக்கேயுள்ள பகுதி மட்டும் வெக்சின் என்னும் பெயரைத் தாங்கியது. தலைநகரை இழந்த நாடு குலப்பெயரைக் காத்துக்கொண்டது. நகரமோ குலப்பெயரை இழந்தும் தலைமையைக் காத்துக்கொண்டது. ஏனெனில், ரூவானிலிருந்த அத்தியட்சரின் அதிகாரம் வெக்சின் முழுவதிலும் குறைவின்றித் தொடர்ந்தது. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதனிடம் மீள்வோம்.

9ஆம் நூற்றாண்டில் வடகடலோரத்து நார்மானியர் தம் மரக்கலங்களில் செய்ன் நதி வழியே ஏறிவந்து கொள்ளையிடலாயினர். 841இல் ரூவான் எரியுண்டது. 845இல் பாரிஸும் தாக்குண்டது. செய்னும் ஆந்தெலும் கூடும் இடத்திலுள்ள பீத்ர் என்னும் ஊரில், வழுக்கைத் தலையர் எனப்பட்ட சார்ல்ஸ் மன்னர் 864இல் சபை கூட்டிப் புகழ்பெற்ற ஆணையொன்றைப் பிறப்பித்தார். பகைவர் மரக்கலங்களைத் தடுத்தற்பொருட்டு அவ்வூரின் அருகே அரண்செய்த பாலமும் எழுந்தது. ஆயினும் வெள்ளம் போல் வந்த பகையை அப்பாலம் நெடுங்காலம் தடுத்திலது.

வெல்லவியலாத பகைவரைக் குடிகளாக்கிக்கொள்வதே தக்கதென எளியர் எனப்பட்ட மூன்றாஞ் சார்ல்ஸ் மன்னர் கருதினார். 911இல் எப்த் ஆற்றங்கரையிலுள்ள சேன்கிளேர் என்னும் ஊரில் நார்மானியர் தலைவனாகிய ரோலோவுடன் அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வுடன்படிக்கைக்கு எழுத்து மூலமான ஏடு ஒன்றும் இல்லை. எப்த் முதல் கடல்வரையுள்ள நிலம் ரோலோவுக்கு அளிக்கப்பட்டதென்று தூதோ என்னும் ஆசிரியர் ஏறக்குறைய நூறாண்டு கழித்து எழுதினார். இராச்சியத்தின் பாதுகாப்பின் பொருட்டு ரோலோவுக்கும் அவன் துணைவர்க்கும் நிலம் ஈந்த செய்தியோ அம்மன்னரின் 918ஆம் ஆண்டுப் பட்டயமொன்றிற் காணப்படுகின்றது.

இவ்வாறு, ஒரு நாட்டின் நடுவே ஓடிய எப்த் ஆறு இரு நாடுகளின் எல்லையாயிற்று. மேல்கரை நார்மானிய வெக்சின் எனவும், கீழ்கரை பிராஞ்சு வெக்சின் எனவும் பெயர் பெற்றன. ஆறு மாறவில்லை, அதன் கரைகளில் வாழ்ந்த குடிகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அவர்கள் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதே மாறிற்று.

பிராஞ்சு வெக்சினை ஆண்ட கோமான்களின் வரிசையில் இறுதியாக நின்றவர் சைமன் என்பவர். இவர் 1077இல் உலகப்பற்றைத் துறந்து துறவு பூண்டார். உடனே முதலாம் பிலிப்பு மன்னர் அந்நாட்டைத் தமதாக்கிக்கொண்டார். இங்கிலாந்தை வென்ற வில்லியமோ அது தம் தந்தைக்கு முன்னரே அளிக்கப்பட்டதெனக் கூறி, 1087இல் மாந்த் நகரத்தைத் தாக்கி எரியூட்டினார். அப்போரில் உடல்நலங் கெட்ட அவர் அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ரூவானின் அருகே உயிர் நீத்தார். இங்கிலாந்து முழுவதையும் வென்றவர்க்கு இச்சிறு நாட்டின் எல்லை இறுதிப் போர்க்களமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளிலேயே அவர் மைந்தர் இரண்டாம் வில்லியம் எப்த் கரையில் ஜிசோர்க் கோட்டையை எழுப்பத் தொடங்கினார்.

12ஆம் நூற்றாண்டின் நடுவில் நார்மானிய வெக்சின் பிராஞ்சு மன்னரின் கையிற் பட்டது. அதனை மீட்க விரும்பிய இரண்டாம் ஹென்றி மன்னர் வாளை எடாது மணமாலையை எடுத்தார். ஏழாம் லூயி மன்னரின் புதல்வி மார்கரெத்துக்கும் தம் மைந்தர் இளைய ஹென்றிக்கும் மணம் பேசி, அப்பகுதியையே சீதனமாக வகுத்தனர். மணம் நிகழுமளவும் கோட்டைகள் தெம்பிளர் என்னும் வீரத்துறவியரின் காவலில் நிற்கவேண்டும் என்பது உடன்படிக்கை. குழந்தைகள் வளர்ந்த பின்னரே மணம் நிகழுமென லூயி நம்பியிருந்தார். ஹென்றியோ 1160இலேயே மணத்தை முடித்துக் கோட்டைகளைக் கைக்கொண்டார். அப்பொழுது மணமகனுக்கு வயது ஐந்து. மணமகளுக்கு ஏறக்குறைய மூன்று. எல்லைக்கோட்டின் பொருட்டுப் பேசவும் செவ்வனே அறியாத மழலைகளைப் பணயம் வைத்தமை நம் உள்ளத்தை வருத்துகின்றது.

ஜிசோரின் அருகே பெருமரமொன்று நின்றது. பிராஞ்சு மன்னரும் நார்மானிய அதிபரும் அதன் நிழலிலே கூடிப் பேசுவது வழக்கம். 1188இல் அங்கு நிகழ்ந்த பேச்சு முறியவே, இரண்டாம் பிலிப்பு மன்னரின் படையினர் அம்மரத்தை வெட்டி வீழ்த்தினர். 1196இல் நார்மானிய வெக்சின் மீண்டும் பிராஞ்சு மன்னருக்கு விடப்பட்டது. எஞ்சிய நாட்டைக் காக்கும்பொருட்டு ரிச்சர்டு மன்னர் செய்ன் கரையில் கட்டிய கையார் என்னும் பெருங்கோட்டையும் 1204 மார்ச்சு மாதத்தில் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே நார்மண்டி முழுவதும் பிலிப்பு மன்னரின் வசமாயிற்று. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எப்தின் இருகரைகளும் மீண்டும் ஒரே அரசனின்கீழ் வந்தன.

இனி, முன்னர்க் குறித்த அத்தியட்சரின் எல்லையைக் காண்போம். இந்நெடும்போர்கள் அனைத்தின் இடையிலும், எப்தைக் கடந்து உவாஸ் கரையிலுள்ள பொந்துவாஸ் நகர்வரை ரூவான் அத்தியட்சாதீனமாகவே இருந்தது. 1248இல் ரூவானின் பிரதம அத்தியட்சரான ஓத் ரிகோ என்பார், தாம் சென்று கண்ட திருச்சபைகளையும் மடங்களையும் பற்றி இருபதாண்டு அளவும் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அவர் எப்தின் இருகரைகளிலும் சென்று குருமாரின் ஒழுக்கத்தையும் மடங்களின் வரவுசெலவையும் ஆராய்ந்தார். அரசர்கள் அழித்த பழம்பாகுஸின் எல்லை இவ்வாறு திருச்சபையின் எல்லையாக 1790 வரையில் நிலைத்தது.

இதற்கு நேர்மாறானது வழக்குச்சட்டத்தின் வரலாறு. அரசெல்லை 1204இல் அழிந்தும், எப்தின் மேல்கரையில் நார்மானியரின் வழக்குச்சட்டமே தொடர்ந்து வழங்கிற்று. தந்தையின் நிலம் மக்களிடையே எவ்வாறு பங்கிடப்படும் என்பது கரைக்குக் கரை வேறுபட்டது. 1804இல் நெப்போலியனின் சட்டத்தொகுதி வந்த பின்னரே அவ்வேறுபாடு ஒழிந்தது. ஆகவே ஒரே காலத்தில் ஒரே ஊரார்க்கு அரசனெல்லை ஒன்று, சபையெல்லை ஒன்று, சட்டவெல்லை ஒன்று என மூன்று எல்லைகள் இருந்தன என்பது பெறப்படும்.

1790இல் புதிய மாவட்டங்கள் வகுக்கப்பட்டபொழுது வெக்சின் என்னும் பெயர் அரசாங்க ஏடுகளினின்று நீங்கியது. ஆயினும் மக்கள் நாவினின்று நீங்கிலது. 1995இல் பிராஞ்சு வெக்சின் என்னும் பெயராலேயே ஒரு வட்டார இயற்கைக் காப்பகம் நிறுவப்பெற்றது. எப்தின் கீழ்ப்பகுதி இன்றும் நார்மண்டியைப் பாரிஸ் வட்டாரத்தினின்று பிரிக்கின்றது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? எல்லைகள் மண்ணில் முளைப்பன அல்ல. மனிதரின் அச்சத்தாலும் ஆசையாலும் உடன்பாட்டாலும் எழுவன. எழுந்தபின் தம்மை எழுப்பியவர் மாய்ந்தும் தாம் மாயாது நிற்பன. ஆதலின், தேசப்படத்திற் கோடொன்றைக் காணுந்தோறும், இஃது எவரால் எக்காலத்து எப்பயன் கருதி வரையப்பட்டது என்றும், இதன் இருபுறத்தும் வாழ்ந்தோர் இதற்கு யாது விலை கொடுத்தனர் என்றும் நம்மையே நாம் வினவிக்கொள்ளுதல் கடன். ஐந்து வயது மணமகனும் மூன்று வயது மணமகளும் அக்கோட்டின் பின்னே நிற்றலைக் காணாதார், அக்கோட்டின் வரலாற்றை முழுதும் அறிந்தாராகார்.