நடைபாதையில் உறங்கியவர்கள் செய்த தவறு என்ன?

மைசூரில் தசரா நடக்கிறது. அரண்மனை முழுவதும் விளக்குகள் எரிகின்றன. சயாஜிராவ் சாலையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் பலூன் விற்பவர்கள் இருக்கிறார்கள். பொம்மை விற்பவர்கள், ஊதல் விற்பவர்கள் இருக்கிறார்கள். பலர் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள்.

இரவு வெகு நேரம் ஆகிறது. விளக்குகள் அணைகின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். பலூன் விற்ற தாய் எங்கே போவார்? அறை எடுக்கக் காசு இல்லை. நடைபாதை ஓரமாகத் துணியை விரிக்கிறார். குழந்தையைச் சுவர்ப் பக்கம் படுக்க வைக்கிறார். தான் சாலைப் பக்கம் படுக்கிறார்.

அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

இப்படிப் படுப்பவர்கள் எல்லா நகரங்களிலும் உண்டு. அவர்களில் சிலர் காலையில் எழுந்திருப்பதில்லை.

மும்பையில் நடந்தது

2006ஆம் ஆண்டு, நவம்பர் 12. மும்பை நகரம், பாந்த்ரா பகுதி, கார்ட்டர் சாலை. விடியற்காலை 4 மணி இருக்கும்.

அந்தச் சாலையைச் செப்பனிடும் வேலை நடந்து வந்தது. வேலைக்கு வந்த தொழிலாளர்களுக்கு நடைபாதையிலேயே குடிசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பகலெல்லாம் உழைத்த களைப்பு. குடிசைகளுக்கு முன்னால் படுத்து உறங்கிக் கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு கார் வேகமாக வந்தது. நடைபாதை மேல் ஏறியது. 7 பேர் இறந்தார்கள். 8 பேர் காயம் அடைந்தார்கள்.

காரை ஓட்டியவர் ஓர் இளைஞர். அவர் குடித்திருந்தார். இரத்தத்தைச் சோதித்தார்கள். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 112 மில்லி கிராம் மது இருந்தது. சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லி கிராம்தான். ஏறக்குறைய நான்கு மடங்கு!

அவர்கள் சீர் செய்ய வந்த சாலையிலேயே அவர்கள் உயிர் போனது.

இது விதியா?

இப்படி நடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? 'விபத்து' என்கிறோம். 'அவர்கள் விதி முடிந்துவிட்டது' என்கிறோம். இன்னும் சிலர், 'ரோட்டில் ஏன் படுக்க வேண்டும்?' என்றும் கேட்கிறார்கள்.

மரம் முறிந்து ஒருவர் மேல் விழலாம். மின்னல் தாக்கலாம். அவை நம் கையில் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது அப்படியா? சாவியை எடுப்பது ஒரு மனிதரின் கை. வேண்டாம் என்றால் அந்தக் கை சாவியைக் கீழே வைத்திருக்க முடியும்.

மது உடலில் என்ன செய்கிறது? முதலில் மூளையை மந்தமாக்குகிறது. கால் தள்ளாடும் முன்பே புத்தி தள்ளாடத் தொடங்கிவிடுகிறது. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்ற துணிச்சல் வருகிறது. ஆனால் கண் சரியாகப் பார்ப்பதில்லை. தூரம் சரியாகத் தெரிவதில்லை. பிரேக்கை மிதிக்கக் கால் தாமதிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு வண்டி போகிறது. ஒரு நொடியில் அது ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். அரை நொடி தாமதித்தால்கூட 8 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். 8 மீட்டர் நீளத்தில் எத்தனை பேர் வரிசையாகப் படுத்திருக்கலாம்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மோர் குடித்தால் போதை தெளியும், குளித்தால் தெளியும் என்பார்கள். அது தவறு. மதுவைக் கரைப்பது நம் கல்லீரல். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். அதை அவசரப்படுத்த எந்த வழியும் இல்லை.

இரண்டு ஓட்டுநர்கள்

ஒரு கல்யாண வீடு. இரவு விருந்து முடிந்தது. இரண்டு நண்பர்கள் ஒரே அளவு குடித்திருக்கிறார்கள்.

"வண்டியை வச்சிட்டுப் போடா. காலையில வந்து எடுத்துக்கலாம்" என்கிறார் மூன்றாவது நண்பர்.

"நேத்தும் குடிச்சிட்டுத்தானே ஓட்டினேன்? என்ன ஆச்சு? கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்டா" என்கிறார் ஒருவர்.

இருவரும் ஆளுக்கொரு காரில் கிளம்புகிறார்கள். வழியில் இருவர் காரும் நடைபாதை மேல் ஏறுகிறது. முதல் நண்பர் ஏறிய இடத்தில் யாரும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் உறங்குகிறார். இரண்டாவது நண்பர் ஏறிய இடத்தில் ஒரு குடும்பம் படுத்திருந்தது.

மறுநாள் ஊர் இரண்டாமவரை மட்டும் ஏசுகிறது. சட்டமும் அவரைத்தான் பெரிதாகத் தண்டிக்கும். உயிர் போனதால் அது நியாயமே. ஆனால் முதல் நண்பர் நல்லவரா? அவர் செய்ததும் அதே செயல்தானே? அங்கே ஆள் இல்லாதது அவருடைய கவனத்தால் அல்ல. அது தற்செயல்.

'நேற்று ஒன்றும் ஆகவில்லை' என்பதற்கு இதுதான் பொருள். நேற்று அந்த இடத்தில் யாரும் படுத்திருக்கவில்லை. அவ்வளவுதான். தவறு கார் மோதும்போது நடக்கவில்லை. சாவியைக் கையில் எடுத்தபோதே நடந்துவிட்டது.

ஏன் அங்கே படுக்கிறார்கள்?

'ரோட்டில் ஏன் படுக்க வேண்டும்?' என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

யாரும் ஆசைப்பட்டு நடைபாதையில் படுப்பதில்லை. விடியும் முன் மூட்டை தூக்க வேண்டியவர் சந்தைக்கு அருகில்தான் படுக்க முடியும். தொலைவில் வீடு எடுத்தால் கூலியில் பாதி வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. பிழைப்பு இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஆகவே உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது. ஆனாலும் நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்க அது உரிமை தரவில்லை. முறையாக அறிவித்து அகற்றலாம் என்றது.

பிறகு 2010ஆம் ஆண்டு இன்னோர் உத்தரவு வந்தது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மைசூர் நகர மக்கள் தொகை ஏறக்குறைய 9 லட்சம். அந்தக் கணக்குப்படி 9 தங்குமிடங்களாவது வேண்டும். உங்கள் ஊருக்கு எத்தனை வேண்டும்? எத்தனை இருக்கின்றன?

நடைபாதையில் படுப்பது ஆபத்துதான். ஆனால் ஆபத்தான இடத்தில் படுப்பது வேறு. அந்த ஆபத்தை உண்டாக்குவது வேறு. நடைபாதை வண்டி ஓடும் இடம் அல்ல. அங்கே ஒருவர் படுத்திருந்தாலும், நடந்து போனாலும், நின்றாலும் வண்டி ஏறக் கூடாது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

கார்ட்டர் சாலை வழக்கில் கீழ் நீதிமன்றம், கவனக் குறைவால் சாவு என்று மட்டும் கருதியது. 6 மாதச் சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. 7 உயிருக்கு 6 மாதமா என்று மக்கள் கேட்டார்கள்.

வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் போனது. குடித்துவிட்டு வேகமாக ஓட்டினால் உயிர் போகும் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தால் அது வெறும் கவனக் குறைவு அல்ல. இந்த அடிப்படையில் 2007ஆம் ஆண்டு தண்டனை 3 ஆண்டுகள் ஆனது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 3 ஆண்டுகளும் மிகக் குறைவு என்றும் கூறியது. ஆனால் தண்டனையைக் கூட்டக் கேட்டு அரசு மேல் முறையீடு செய்யவில்லை. அதனால் கூட்டவில்லை.

குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டாலே இன்று தண்டனை உண்டு. யார் மேலும் மோதியிருக்க வேண்டியதில்லை. முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

யாருக்கெல்லாம் பங்கு?

முதல் பொறுப்பு ஓட்டியவருக்குத்தான். அதை வேறு யார் மேலும் தள்ள முடியாது. ஆனால் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு.

குடித்தவர் கையில் சாவியைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு. தெரிந்தும் அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்குப் பங்கு உண்டு. ஓட்டுநரை இரவு பகல் ஓட வைத்து, அவர் குடிப்பது தெரிந்தும் பேசாமல் இருக்கும் முதலாளிக்குப் பங்கு உண்டு. தொழிலாளரைச் சாலை ஓரத்தில் படுக்க வைக்கும் காண்டிராக்டருக்கும், தங்குமிடம் கட்டாத நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு.

நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளும் இதில் சேரும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2016ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. அடுத்த ஆண்டே சிறிய ஊர்களுக்குத் தூரம் குறைக்கப்பட்டது. நகரங்களுக்கு விலக்கும் கிடைத்தது.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டு விசேஷத்தில் யாராவது குடித்திருந்தால் சாவியை வாங்கி வையுங்கள். கோபித்துக்கொள்வார். காலையில் கோபம் தீர்ந்துவிடும். போன உயிர் திரும்பாது.

அடிபட்டவரைக் கண்டால் 108க்குப் போன் செய்யுங்கள். உதவி செய்பவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது. தன் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மோதிய வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். வண்டி நிற்காமல் ஓடி, அடையாளமும் தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உதவி உண்டு. பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். நடைபாதையில் படுத்திருந்தார் என்பதால் இந்த உரிமை போய்விடாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 460 பேர். எல்லாம் மதுவால் அல்ல. ஆனால் மதுவால் நேர்ந்த ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் ஒரு நிமிடம் இருந்தது. சாவி இன்னும் மேசை மேல் இருந்த நிமிடம் அது. அங்கே இருந்த யாராவது ஒருவர் அதை எடுத்துத் தன் பையில் போட்டிருக்கலாம்.

பேசிப் பார்ப்போம்

1. இரண்டு நண்பர்களில் முதலாமவர் தவறு செய்தாரா? ஏன்?

2. உங்கள் ஊரில் இரவில் வெளியே படுப்பவர்கள் யார்? என்ன வேலை செய்கிறார்கள்?

3. உங்கள் உறவினர் குடித்துவிட்டு வண்டி எடுத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சொல்லிப் பாருங்கள்.