பழமரம் வில்லாகும் வரை

ஆப்பிள் மரத்தில் கவாத்து செய்த தடித்த கிளை ஒன்றைத் தாழ்வாரத்தில் போட்டு வையுங்கள். சில நாட்களில் வெட்டுமுகத்தில் மயிரிழைக் கோடுகள் தெரியும். மாதங்கள் கடந்தால், பட்டையிலிருந்து நடுக்குருத்து வரை ஆப்பு அடித்ததுபோல் கட்டை பிளந்து கிடக்கும். கோடரி படவில்லை. உள்ளிருந்த தண்ணீர் வெளியேறியது, அவ்வளவுதான்.

ஆப்பிள், பிளம் போன்ற பழமரங்களை வில்லுக்கு எடுக்கிறவர்கள் இந்தப் பிளவுக்குத்தான் அஞ்சுகிறார்கள். ஆனாலும் விட மனம் வருவதில்லை. காய்ந்த ஆப்பிள் கட்டை கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். தேக்கே சுமார் 650 கிலோதான். இழை நெருக்கம் அப்படி.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது: செல்களின் உட்குழிவில் ஒன்று, செல் சுவருக்குள் மற்றொன்று. குழிவில் நிற்கும் நீர் முதலில் போகும். அப்போது கட்டையின் எடை குறையுமே தவிர, அளவு மாறாது. ஈரம், மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அதன் பிறகே.

எல்லாத் திசையிலும் ஒரேபோல் சுருங்கினால் தொல்லையே இல்லை. ஆப்பிள் மரம் முழுக்கக் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 10 சதவீதம் சுருங்குகிறது. நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் 5 அல்லது 6 சதவீதம்தான். நீளவாக்கில் கண்ணுக்கே தெரியாது. சுற்றளவு குறைய விரும்பும் அளவுக்கு ஆரம் குறைய மறுக்கிறது. முழு உருளைக்கு வேறு வழியில்லை, வெடித்தாக வேண்டும். அதனால்தான் கிளையை வெட்டிய கையோடு நடுக்குருத்து வழியாக இரண்டாகப் பிளந்துவிடுகிறார்கள். ரம்பத்தைவிட ஆப்பு நல்லது: ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துச் செல்லும், ஆப்போ நார் போகிற வழியே போகும். பழமரங்களில் நார் முறுக்கிக்கொண்டு ஓடுவது சாதாரணம். அந்த முறுக்கைப் பிளவு உடனே காட்டிக்கொடுக்கும்.

நீர் நாரின் நீளவாக்கில்தான் வேகமாக ஓடும். ஆகவே முனைகள் முந்திக் காய்ந்து வெடிக்கும். வெட்டிய அன்றே மெழுகோ பசையோ கெட்டியான பெயின்ட்டோ முனைகளில் பூச வேண்டும். மறுநாளுக்குத் தள்ளிவைத்தால் கைவிட்டுப் போகும். பட்டையை உரித்தால் அந்தப் பக்கத்துக்கும் பூச்சு தேவை. வில்லின் முதுகாகி இழுவையைத் தாங்கப்போவது பட்டைக்கு அடியிலுள்ள வளையம். அங்கே குறுக்கு விரிசல் விழுந்தால் அந்தக் கட்டை வில்லுக்கு ஆகாது. பிறகு வில்லின் உருவத்துக்குத் தோராயமாகச் செதுக்கி, முறுக்கிக்கொள்ளாதபடி நேரான பலகையோடு இறுகக் கட்டி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள நிழலில் வைப்பார்கள்.

காய்ந்துவிட்டதா என்று தராசு சொல்லும். சில நாட்களுக்கு ஒருமுறை நிறுத்து, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுவார்கள். எடை இறங்குவது நின்றால், கட்டைக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் கணக்குத் தீர்ந்தது. வில்லுக்கு 8 முதல் 10 சதவீத ஈரம் பொருத்தம். அதற்கு மேல் இருந்தால், எய்பவரை நோக்கும் பக்கத்து நார்கள் நசுங்கி வில் வளைந்தபடியே நின்றுவிடும். மிகவும் காய்ந்தால் நாணை இழுக்கும்போதே முறியும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீனக் கைவினை நூலான காவ் கோங் ஜி, வில்லுக்கான ஏழு மரங்களை வரிசைப்படுத்துகிறது. முதலிடம் முசுக்கொட்டைக் குடும்பத்து மரம் ஒன்றுக்கு. நான்காவது ஆரஞ்சு வகை, ஐந்தாவது ஆப்பிளின் உறவான சீமைமாதுளை, கடைசி இடம் மூங்கிலுக்கு. மரத்தைக் குளிர்காலத்தில் பிளக்கச் சொல்கிறது அந்நூல். வசந்தத்தில் விலங்குக் கொம்பை ஊறவைத்து, கோடையில் தசைநாரைப் பக்குவப்படுத்தி, இலையுதிர்காலத்தில் மூன்றையும் இணைக்க வேண்டும். நாண் ஏறுவது அடுத்த வசந்தத்தில். ஒரு வில்லுக்கு முழுதாக ஓராண்டு.