வாசற்கதவைத் தாழிட்டாயிற்று

இரவு மணி பத்து. வாசற்கதவைத் தாழிட்டாயிற்று, பாலையும் மூடி வைத்தாயிற்று. உள்ளறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு தனக்குத் தானே புன்னகை புரிகிறான். யாரோ 15 வயதுப் பெண்ணாம். பத்து நாளாகச் சிநேகிதம். அந்தப் 'பெண்ணுக்கு' நாற்பது வயதும் அடர்ந்த மீசையும் இருக்கக்கூடும் என்பது பாவம், அவனுக்குத் தோன்றவில்லை.

பேச்சு வளருகிறது. அந்தரங்கமான படம் ஒன்று கேட்கப்படுகிறது; பிள்ளையும் அனுப்பிவிடுகிறான். மறுநாளே குரல் மாறுகிறது: "பணம் அனுப்பு. இல்லாவிடில் இந்தப் படம் உன் பள்ளிக்கூடம் முழுவதும் போகும்."

இப்போது பிள்ளை அதிகமாகப் பயப்படுவது யாருக்கு? மிரட்டுகிறவனுக்கா? இல்லை, அப்பாவுக்கு! அந்தப் பயந்தான் மிரட்டுகிறவனுடைய முதல். ஆனால் சட்டம் அப்பாவைப்போல் கோபித்துக்கொள்வதில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம், 18 வயது நிறையாத எவரையும், ஆண் பெண் என்ற பேதமின்றி, குழந்தை என்றே சொல்லுகிறது. இங்கே குற்றவாளி மிரட்டுகிறவனே. 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளை தானே பேசி உதவி கேட்கலாம். மிரட்டல் வாசகங்களை வெட்கத்தினால் அழித்துவிடக் கூடாது. சாட்சி சொல்லப்போவது அவைதாம்.

இதே பிள்ளை இன்னொரு நாள், வகுப்புத் தோழி ஒருத்தி நம்பி அனுப்பிய அத்தகைய படத்தை ஐந்து நண்பர்களுக்கு 'வேடிக்கைக்காக' அனுப்பிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவன் நிற்கும் இடமே வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு, குழந்தைகளின் ஆபாசப் படங்களை உண்டாக்குவது, சேகரிப்பது, தேடுவது, பரிமாறுவது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே 5 வருஷம் வரை சிறை. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். "நான் எடுத்த படமா? வந்ததைத்தானே அனுப்பினேன்!" என்ற சமாதானம் அங்கே செல்லாது. தனிமையில் இறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சொன்ன தீர்ப்பையும், அதே ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்துவிட்டது.

பையனைச் சிறையில் அடைப்பார்களோ என்று தாய்மார்கள் கலங்க வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி அவன் போவது சிறார் நீதிக் குழுமத்தின் முன்பு. ஒரு மாஜிஸ்டிரேட், அவருடன் இரண்டு சமூக ஊழியர்கள், அவர்களில் ஒருவராவது பெண். புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 3 வருஷம் வரை சிறப்பு இல்லத்தில் வைக்கவும் உண்டு. பையன் பெயரையோ பெண்ணின் பெயரையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

பெயரைச் சட்டம் மறைத்துவிடும். ஆனால் ஐந்து கைபேசிகளுக்குப் போன படம் சாயங்காலத்துக்குள் எத்தனை கைபேசிகளுக்குப் போயிற்றோ! அந்தப் பெண் இன்று வகுப்புக்கு வரவில்லை.