கரிசல் வெயிலும் கம்பியின் தடையும்

சித்திரை வைகாசியில் கோவில்பட்டிக் கரிசற்காட்டில் நடந்தவர்களுக்கு வெயிலின் கொடுமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த வெயில் நிலத்தை வெடிக்கச் செய்வதோடு நிற்பதில்லை. தலைக்கு மேலே செல்லும் மின்சாரக் கம்பியையும் பதம் பார்க்கிறது. செம்புக் கம்பியின் சூடு 20 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 45 டிகிரிக்கு ஏறினால், அதன் தடை நூற்றுக்கு ஏறக்குறைய 10 பங்கு அதிகமாகிறது. அலுமினியக் கம்பியின் கதியும் அதுவே. ஆலைக்கும் கிணற்று மோட்டாருக்கும் சேர வேண்டிய சக்தியில் அந்த அளவுக்கு அதிக நஷ்டம் வழியிலேயே நேரிடுகிறது.

இதற்குக் காரணம் என்ன? உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றினிடையே எலெக்ட்ரான்கள் சஞ்சரிக்கின்றன. செண்பகவல்லி அம்மன் தேரோட்டத்தன்று ஜனங்கள் ஒழுங்காக வரிசையில் நின்றால், நடுவே ஒருவன் எளிதாகப் புகுந்து செல்லலாம். எல்லோரும் அசைந்தாடத் தொடங்கினாலோ, அவன் இடிபட்டுத் திசை மாறுவான். உஷ்ணம் ஏற ஏற அணுக்களின் அதிர்வு மிகுகிறது. எலெக்ட்ரான்கள் அடிக்கடி சிதறுகின்றன. எலெக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு. அசையாத, குறையற்ற வரிசை அந்த அலையைத் தடுப்பதில்லை என்பதை ஃபெலிக்ஸ் பிளாக் 1928-ல் விளக்கினார். ஆகவே தடைக்கு மூலம் அணுக்கள் இருப்பதன்று. அவற்றின் ஒழுங்கு குலைவதே.

இந்த ஆராய்ச்சியில் நம் சீமைக்கும் பங்கு உண்டு. கரிசலுக்கு மேற்கே, மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1928-ல் ராமனுடன் சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்த அவர், பிற்காலத்தில் உலோகத்தினுள் எலெக்ட்ரான் அலை சிதறுவதையும் அதே கண்கொண்டு நோக்கினார். உருகிய உலோகம் எக்ஸ் கதிர்களைச் சிதறச் செய்யும் விதத்திலிருந்தே அதன் மின்தடையைக் கணக்கிடலாமென்று, 1945-ல் அலகாபாத்தில் ஏ. பி. பாட்டியாவுடன் சேர்ந்து காட்டினார். 1947-ல் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் டைரக்டரானார்.

விஞ்ஞானம் கடல் கடந்து வரும் சரக்கு என்று எண்ணுவோர் இன்னும் உளர். கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றே, வெயிலில் காய்ந்த கம்பிகளையும் சற்றுக் குளிர்வித்து நஷ்டத்தைக் குறைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடம் வாசலிலேயே இருக்கிறது. கம்பியைக் காட்டி 'ஏன்?' என்று அவர்கள் கேட்கும்போது, வாயை அடைக்காமல் பதில் சொல்லுவோமாக!