ரஃப் நோட்டுக்குள் ஒரு பழைய ஓசை

ஏழாம் வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லியிருந்தேன். எழுந்து நின்ற பெண், மரக்கிளைக்கான 'பவ்' என்ற ஆங்கிலச் சொல்லை முந்தின நாள்தான் கற்றிருந்தாள். இப்போது இருமலுக்கான சொல் வந்தது. முதல் எழுத்து மட்டும் வேறு. மீதி நான்கும் அதே ஓ, யு, ஜி, எச். தயங்காமல் 'கவ்' என்றாள். வகுப்பே சிரித்தது. 'காஃப்' என்று திருத்தினேன்.

"ஏன் டீச்சர்? அதே நாலு எழுத்துதானே?"

"இங்கிலீஷ்ல அது அப்படித்தாம்மா. மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. முந்தின நாள் நான் சொல்லிக்கொடுத்ததை நம்பித்தான் அப்படி வாசித்தாள். பதில் தெரியாதது என் குறை. பணி ஓய்வுக்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொல்லவேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

இந்த நான்கு எழுத்துக் கூட்டணி நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பள்ளிப் பையிலும் இருக்கும் ரஃப் நோட்டில் அது இருக்கிறது. 'செம டஃப் கொடுத்தான்' என்கிறோமே, அந்த டஃப்பிலும் இருக்கிறது. இந்த இரண்டிலும் 'அஃப்' என்று ஒலிப்பது, 'ஆனாலும்' என்று பொருள்படும் 'தோ'வில் ஓகாரமாகிறது. 'வழியாக' என்னும் 'த்ரூ'வில் ஊகாரம். எண்ணத்தைக் குறிக்கும் 'தாட்'டில் 'ஆ' போல. ஏரைக் குறிக்கும் 'ப்ளவ்'வில் 'அவ்'. விக்கலுக்கு 'ஹிக்கப்' என்று ஒரு சொல் உண்டு. இருமலோடு அதற்கு உறவு என்று தவறாக எண்ணி, பின்னாளில் சிலர் இதே நான்கு எழுத்தை அதன் வாலில் ஒட்டினார்கள். அங்கே அது 'அப்'.

இத்தனை ஒலிக்கும் மூலம் ஒரே ஒரு மூச்சொலிதான். காறுவதுபோல் தொண்டையை உரசிக்கொண்டு வருமே ஒரு 'ஹ்', அது பழைய ஆங்கிலத்தில் உயிரோடு இருந்தது. இரவை 'நிஹ்ட்' என்றார்கள். 'ரஃப்' அன்று 'ரூஹ்'. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஜெர்மனில் அந்த ஒலி இன்றும் இருக்கிறது: இரவு 'நாஹ்ட்', மகள் 'தோஹ்டர்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியை 'லாஹ்' என்னும்போதும் அதைக் கேட்கலாம். நமக்கும் அது தூரமில்லை. 'பகல்' என்று இயல்பாகச் சொல்லிப்பாருங்கள். நடுவில் வரும் ககரம் வல்லினமாக முட்டாமல் மூச்சாக நழுவுகிறதல்லவா? அதைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் பழைய ஆங்கிலேயனின் ஒலி கிடைத்துவிடும்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்களின் கைக்கு ஏடுகள் போயின. இந்த ஒலிக்கென 3 என்ற எண்ணைப் போன்ற ஓர் எழுத்தும் அப்போது புழக்கத்தில் இருந்தது. காலப்போக்கில் அதை ஒதுக்கிவிட்டு ஜியையும் எச்சையும் சேர்த்து எழுதும் வழக்கம் நிலைத்தது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துகள் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டன. நாக்கோ தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. அந்த நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம் மாறின, தொண்டை ஒலியும் தேய்ந்தது. சில சொற்களில் அது அடியோடு கரைந்து முன்னால் நின்ற உயிரை மட்டும் விட்டுப்போனது. தோ, த்ரூ, ப்ளவ் அப்படி வந்தவை. வேறு சிலவற்றில் 'ஃப்' ஆயிற்று.

தொண்டையில் பிறந்த ஒலி உதட்டுக்கு எப்படி வந்தது? இதுதான் என்னைப் பல நாள் உட்காரவிடாத கேள்வி. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க 'ஹ்' என்று ஊதுவோமே, அப்படி ஊதிக்கொண்டே உதட்டை உகரத்துக்குக் குவியுங்கள். காற்று தொண்டையை விட்டுவிட்டு உதட்டில் உரசத் தொடங்கும். கேட்பவர் காதுக்கு அது 'ஃப்'. 'ரூஹ்' என்பதில் முன்னால் ஊகாரம் நின்று உதட்டைக் குவித்தே வைத்திருந்தது. அதே குவிப்புத்தான் இருமலையும் 'போதும்' என்னும் 'இனஃப்'பையும் இப்படி ஆக்கியது.

நம் ஆய்த எழுத்தும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக எண்ணிய ஃ, 'அஃது', 'எஃகு' என்பவற்றில் மூச்சு உரசும் ஒலி. இன்று அதைப் பகரத்துக்கு முன் வைத்து 'ஃபேன்' என்றும் 'காஃபி' என்றும் எழுதுகிறோம். பழக்கம் முற்றி, 'அஃது' என்பதையே 'அஃப்து' என்று வாசிக்கும் பிள்ளைகளை எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறேன். ஆங்கிலத்தில் நாக்கு செய்ததை இங்கே எழுத்து செய்தது; ஆனாலும் மூச்சொலிக்கான அடையாளம் உதட்டொலிக்குப் போன கதை இரண்டிலும் ஒன்றுதான். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கரும்பலகையில் ஒரு ஃ போட்டுக் காட்டியிருப்பேன்.

'த்ரூ'வுக்கு ஓர் இரட்டை உண்டு. முழுமையாக என்று பொருள்படும் 'தரோ'வும் அதுவும் ஆதியில் ஒரே சொல்: 'துர்ஹ்'. ஒன்றில் ரகரம் இடம் மாறி முன்னே வந்தது, 'தசை' நம் வாயில் 'சதை' ஆனதுபோல. மற்றொன்றில் நடுவில் ஓர் உயிர் முளைத்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட 'வழியாக' என்ற பொருளில் 'தரோ' வந்தது. ஒரு வேலையைத் 'தரோவாக' முடிப்பவர் அதற்குள் புகுந்து மறுபக்கம் வரை போனவர். 'த்ரூ திக் அண்ட் தின்' என்ற வழக்கும் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேண்டர்பரி கதைகளில், மாவு ஆலைக்காரன் அவிழ்த்துவிட்ட மாணவர்களின் குதிரை அடர்ந்த புதரென்றும் வெளியென்றும் பாராமல் ஓடுகிறது. காடு மேடெல்லாம் என்பது போன்ற இந்தப் பேச்சுத்தான் பிற்பாடு இன்பத்திலும் துன்பத்திலும் கூட இருப்பதற்கு ஆகிவந்தது.

சேற்றுக்குழியைக் குறிக்கும் 'ஸ்லவ்' இன்னொன்று. 1678இல் ஜான் பன்யன் வெளியிட்ட பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ் நூலில் பயணி முதலில் விழுவது மனச்சோர்வு என்னும் சேற்றில். 'ஸ்லவ் ஆஃப் டெஸ்பாண்ட்' என்ற தொடர் அங்கிருந்து வந்தது. அந்த நூலைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். இதே எழுத்துகளில் பாம்பு சட்டை உரிப்பதற்கும் ஒரு வினை உண்டு. அதைப் படிக்கவேண்டியது 'ஸ்லஃப்' என்று.

திருத்திவிட முயன்றவர்கள் இல்லாமலில்லை. நோவா வெப்ஸ்டரின் அமெரிக்க அகராதி ஏருக்கு ஜியும் எச்சும் வேண்டாம் என்றது; அங்கே அது நிலைத்தது. 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 'த்ரூ', 'தோ' உட்பட 300 சொற்களைச் சுருக்கமாக அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். நாடாளுமன்றம் எதிர்த்தது, உத்தரவு நிற்கவில்லை. 'டிரைவ் த்ரூ' பலகைகளில் அந்தக் குட்டை எழுத்து இன்றும் தொங்குகிறது. எனக்கு நீளமானதே பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அந்த இரண்டு எழுத்தும் போய்விட்டால், அங்கே ஒரு 'ஹ்' இருந்த தடயமே இருக்காது.

மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பையன்களில் ஒருவனுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். இங்கிலாந்து அணியின் பயிற்சி மையம் இருக்கும் ஊர்ப்பெயரைத் தன் ரஃப் நோட்டில் எழுதிக் கொண்டுவந்தான். லெஸ்டர்ஷயரில் உள்ள ஊர் அது. அந்த நான்கெழுத்து அதில் இரண்டு தடவை வருகிறது.

"இதை எப்படிப் படிக்கிறது டீச்சர்?"

"லஃப்பரா. முதல்ல வர்றது உதட்டுக்கு வந்துடுச்சு. ரெண்டாவது கரைஞ்சு போயிடுச்சு."

"எதுல இருந்து?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, ஊதச் சொன்னேன்.